வாளி பிடிக்கிற கை

மூன்று மாதமாக ஒரு விஷயத்தை இந்தப் பக்கத்தில் எழுதாமல் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். எழுதினால் கெட்டுவிடுமோ என்ற பயம். நல்லது நடக்கப்போகிறது என்று வாயைத் திறந்து சொன்னால் அது நடக்காமல் போய்விடும் என்று நம்புகிற ஆள் நான். போன வாரம் ஒரு பள்ளிக்கூட வாசலில் நின்றபோதுதான், சரி, எழுதிவிடலாம் என்று தோன்றியது.

ஆனால் பள்ளிக்கூடத்துக்குக் கடைசியில் வருகிறேன். இது தொடங்கியது திருமங்கலத்தில், ஒரு பிசியோதெரபி அறையில்.

ஆகஸ்ட் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பிசியோ மேடம் என் அக்காவின் இடது கையைப் பிடித்து மேலே தூக்கினார். தோள் உயரத்துக்குக் கொண்டுபோய், "அப்படியே வச்சிருங்கம்மா" என்று சொல்லி விட்டார்.

கை தொப்பென்று மடியில் விழுந்தது.

இன்னொரு முறை தூக்கினார். இன்னொரு முறை விழுந்தது. மேஜை மேல் இருந்த டேப்லெட்டை எடுத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சார், கேம்ல தினமும் மூணு ஸ்டார் வாங்கியிருக்காங்க. ஒரு நாள்கூட குறையல. இந்த ஸ்கோர் எடுத்த கை இப்படி விழாதே..."

அக்கா மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விரல் எல்லாம் மடங்க ஆரம்பிக்குது, பாருங்க. இந்த மாசங்கள்ல விட்டுட்டா அப்புறம் பிரிக்கிறது ரொம்பக் கஷ்டம்" என்றார் மேடம். அதைத் திட்டுவதுபோலச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மெதுவாகச் சொன்னார்.

என் அக்கா பேச்சியம்மாவைப் பற்றி ஜூலையில் இங்கே எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: பேரையூர் பக்கம் ஒரு கிராமத்தில் அரசுப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமையல் உதவியாளர். இருபத்திரண்டு வருடமாக அதே அடுப்பு, அதே வராந்தா. இந்த ஜூனில் ஒரு நாள் காலை அரிசி களைந்துகொண்டிருந்தபோது இடது பக்கம் இழுத்துக்கொண்டது. பக்கவாதம். பேச்சு தப்பித்தது. கால் கொஞ்சம் இழுத்து இழுத்து நடக்கிற அளவுக்குத் தேறியது. இடது கைதான் வரவில்லை.

சத்துணவு அமைப்பாளர் நல்ல பெண். வீட்டுக்கே வந்து பார்த்தார். "காலாண்டு லீவு முடியிற வரைக்கும் வேற ஆளை வச்சு சமாளிக்கிறேன்க்கா. அதுக்கப்புறம் மேல இருந்து கேப்பாங்க. நான் என்ன பதில் சொல்ல?" என்று கண்கலங்கினார். அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? ஒற்றைக் கையோடு அந்தச் சமையல்கூடத்தில் என்ன செய்ய முடியும்?

வேலை போனால் சோற்றுக்கு வழியில்லாமல் போகாது. மாமாவுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது, மாடு இருக்கிறது. அக்காவின் கவலை அது இல்லை.

"பன்னெண்டரை மணியானா வீட்டுல இருப்புக் கொள்ள மாட்டேங்குதுடா" என்று ஒரு நாள் சொன்னாள். "காதுக்குள்ள தட்டுச் சத்தமாவே கேக்குது."

ஜூலையில் நான் எழுதிய அந்தப் பத்தியைப் படித்துவிட்டுத்தான் பிரவீன் எனக்குப் போன் செய்தார். மதுரையில் புதூர்ப் பக்கம், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடி அறையில் வீடியோ கேம் செய்கிற சின்னக் கம்பெனி. பக்கவாதம் வந்தவர்கள் கைப்பயிற்சி செய்வதற்காக ஒரு கேம் செய்துகொண்டிருந்தார்கள். கைக்கடிகாரம் மாதிரி ஒரு பட்டை. அதை வராத கையின் மணிக்கட்டில் கட்ட வேண்டும். கையை அசைத்தால் டேப்லெட்டில் தெரிகிற கையும் அசையும். பயிற்சி என்றால் பத்து நிமிடத்தில் சலித்துவிடும். விளையாட்டு என்றால் ஒரு மணி நேரம் போவது தெரியாது. இதுதான் அவர்களுடைய எண்ணம்.

"பழம் பிடிக்கிற மாதிரி ஒண்ணு பண்ணினோம்ணே. நம்ம ஊர்ல யாரும் ரெண்டு நாளைக்கு மேல தொடல. எங்க டார்கெட் ஆடியன்ஸே உங்க அக்கா மாதிரி ஆளுங்கதான். அவங்களுக்கு என்ன பிடிக்கும்னு உங்களுக்குத்தானே தெரியும்? ஒரு நாள் ஆபீசுக்கு வாங்களேன்..."

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பார்சல் ஆபீசில் மூட்டை தூக்கி, அப்புறம் மூட்டை மேல் பெயர் எழுதி, அப்படியே எழுத்துக்கு வந்தவன். படித்த பிள்ளைகள் மூன்று பேர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து என்னிடம் யோசனை கேட்கிறார்கள்! எப்போதும் எதற்கும் பயப்படுகிற எனக்கு அன்றைக்கு ஒரு பயமும் வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

"பந்தி வைங்க" என்றேன். "எங்க ஆளுகளுக்குப் பரிமாறுறதுன்னா உசிரு."

பந்தியில் யார் உட்கார வேண்டும் என்பதையும் நானே சொன்னேன். கல்யாண வீட்டுக் கூட்டம் வேண்டாம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை உட்கார வையுங்கள். என் அக்கா பார்த்தால் உருகிவிடுவாள். படம் வரைகிற பெண் நஸ்ரின். நான் சொல்லச் சொல்ல வரைந்துகொண்டே வந்தார். தட்டா, இலையா என்று பேச்சு வந்தது. இலைதான் அழகு என்று முடிவானது. அப்புறம் இலையின் நுனி எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று அரைமணி நேரம் வாதாடினேன். இடப்பக்கம்தான் இருக்க வேண்டும், மாற்றிப் போட்டால் எங்கள் ஆட்கள் டேப்லெட்டையே மூடிவிடுவார்கள் என்று எச்சரித்தேன்.

நுனி இடப்பக்கம் வந்தது. சோற்றில் ஆவி பறந்தது. பத்து நொடிக்குள் சோறு வைக்காவிட்டால் அந்தப் பிள்ளையின் முகம் வாடும். வைத்துவிட்டால் சிரிக்கும். இலை நிறைந்தால் "போதும்" என்று சொல்லும். பிரவீன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஆடியன்ஸைப் புரிஞ்சுக்கிறதுன்னா இதுதாண்ணே!"

அக்காவுக்குப் பட்டையும் டேப்லெட்டும் கொடுத்தார்கள். முதல் நாளே மூன்று ஸ்டார். இரண்டாம் நாளும். மூன்றாம் நாளும். நான் அதைப் படம் பிடித்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினேன். "அக்காதான் எங்க பெஸ்ட் பிளேயர்" என்றார் பிரவீன்.

அதற்குப் பிறகுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை. அந்தக் கை, தொப்பென்று.

திருமங்கலத்திலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது எத்தனை விதமாகக் கவலைப்பட முடியுமோ அத்தனை விதமாகவும் கவலைப்பட்டேன். பட்டை கெட்டுப்போயிருக்குமோ? பிசியோ அறை வாசலில் நின்று பிரவீனுக்குப் போன் செய்தபோது அவரும் "சென்சர் பிராப்ளமா இருக்கும்ணே" என்றுதான் சொன்னார். இல்லை, தெரியாமல் இரண்டாவது தடவை பக்கவாதம் வந்து போயிருக்குமோ? அல்லது... அக்கா மனசு விட்டுவிட்டாளோ?

"தினமும் பண்றியா இல்லையா?"

"பண்றேன்டா."

"பண்ணினா கை ஏன் நிக்க மாட்டேங்குது?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்குக் கோபம் வந்தது. கவலைப்படுகிறவனின் கோபம் மோசமானது; அது யார் மேல் வர வேண்டுமோ அவர்கள் மேல் வராது. பஸ் என்றும் பார்க்காமல் கொட்டித் தீர்த்தேன். ஊரே உனக்காகப் பாடுபடுகிறது, உனக்கு அக்கறை இல்லை, காலாண்டு லீவுக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று தெரியுமா... முன் சீட்டில் இருந்த அம்மாள் திரும்பி என்னை ஒரு முறை முறைத்தார்.

வீட்டுக்குப் போனதும், "எப்படி விளையாடுறன்னு இப்பக் காட்டு" என்றேன்.

பட்டையை அவளால் தானே கட்டிக்கொள்ள முடியாது. தினமும் கட்டிவிடுவது மாமாதான். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, கையைத் துண்டில் துடைத்தபடி வந்தார். பட்டையை எடுத்தார். பழக்கப்பட்ட வேலை என்பதால் பார்க்காமலே கட்டினார்.

வலது கையில்.

கட்டி முடித்த பிறகுதான் நான் நிற்பது அவருக்கு உறைத்தது.

"மாப்ள... நான் ஒண்ணும் சொல்லல. உங்க அக்கா கட்டுன்னா, கட்டினேன்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் மாட்டிடமே போய்விட்டார்.

இத்தனை நாள் மூன்று ஸ்டார் வாங்கியது நன்றாக இருந்த கை. வேலை செய்ய வேண்டிய கை மடியிலேயே கிடந்திருக்கிறது.

"யாரை ஏமாத்துற நீ? என்னையா? அந்தப் பிள்ளைகளையா? உன் கையைத்தானேக்கா ஏமாத்துற?"

"நான் யாரையும் ஏமாத்தலடா."

"பிறகு என்ன இது?"

அக்கா டேப்லெட்டைத் தன் பக்கம் இழுத்தாள். திரையில் பந்தி தயாராக இருந்தது. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஓர் ஓரத்தில் இரட்டைச் சடைப் பெண் ஒன்று, முன்பல் இல்லாமல்.

"முதல் தடவை இந்தக் கையிலதான் கட்டினேன்" என்று மடியில் கிடந்த இடது கையைக் காட்டினாள். "கஷ்டப்பட்டுத் தூக்கினேன்டா. கரண்டி இந்தப் பிள்ளை இலைக்கிட்டப் போகுது. அது நிமிந்து பாக்குது. எனக்குக் கூசிப்போச்சு. வெடுக்குன்னு இழுத்துக்கிட்டேன்."

"ஏன்?"

"ஏனா? இடது கையால எப்படிடா பிள்ளைக்குச் சோறு வைப்பேன்?"



"படம்க்கா அது..."

"சாமி படமும் படம்தான். மிதிப்பியா நீ?"



"சரி, பிடிக்கலைன்னா மூடி வைக்க வேண்டியதுதானே? எதுக்கு வலது கையில கட்டி விளையாடுற?"

"மூடி வைக்கவா? நேரம் ஓடுதுல்ல. மூஞ்சி வாடுதுல்ல. அம்புட்டுப் பிள்ளைகளும் இலை போட்டு உக்காந்திருக்கு, அப்படியே விட்டுட்டுப் போகச் சொல்றியா? அதான் உங்க மாமாவை அந்தக் கையில கட்டச் சொன்னேன்."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாம்லக்கா?"

"நீ எம்புட்டு ஆசையாக் கொண்டாந்து குடுத்த. அந்தப் பிள்ளைக எம்புட்டு அழகா வரைஞ்சிருக்குதுக. எப்படிடா குறை சொல்ல?"

யோசித்துப் பாருங்கள். சோறு வைக்காமல் இருக்க அவளால் முடியாது. இடது கையால் வைக்கவும் முடியாது. நடுவில் அவளைக் கொண்டுபோய் நிறுத்தியது நான். பிள்ளைகளை உட்கார வைக்கச் சொன்னது நான். அவள் உருக வேண்டும் என்று ஆசைப்பட்டது நான். உருகினாள். அதனாலேயே அவள் கை மடியில் கிடந்தது.

இலையின் நுனிக்கு அரைமணி நேரம் சண்டை போட்டவனுக்கு, கரண்டி எந்தக் கையில் இருக்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லை!

இப்படி நான் தப்புக் கணக்குப் போட்டது இது முதல் தடவையும் இல்லை. சில வருடங்களுக்கு முன், ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் அம்மாவுக்குப் போன் செய்யுங்கள் என்று இங்கே உருக்கமாக எழுதியிருந்தேன். பாராட்டு குவிந்தது. அந்த வாரம் சமயநல்லூரிலிருந்து ஒரு பெண் பேசினார். "எங்கம்மா போன மாசம்தான் தவறிட்டாங்க சார். காலையில பேப்பரைப் பிரிச்சேன்... மூடி வச்சிட்டேன்." அவ்வளவுதான் சொன்னார். திட்டவில்லை. அந்தக் குரல் இன்னமும் என் காதில் இருக்கிறது. அப்போதும் எனக்கு வாசகர்களைத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

யாருக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டுவிடுகிறோம். வயது கேட்கிறோம், ஊர் கேட்கிறோம். இவர் எதைச் செய்யவே மாட்டார்? அதை மட்டும் கேட்பதில்லை. அவர்களாகவும் சொல்ல மாட்டார்கள். மரியாதைக்காக மூன்று ஸ்டார் வாங்கிக் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பார்கள்.

அன்று சாயங்காலமே பிரவீனுக்குப் போன் செய்து சொன்னேன். முதலில் அவர் நல்ல எஞ்சினியராக யோசித்தார்.

"அப்போ வலது கையில கட்டினா லாக் ஆகிற மாதிரி பண்ணிடலாம்ணே. ஏமாத்த முடியாது."

"ஏமாத்துறதுன்னு சொல்லாதீங்க" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பக்கத்தில் ஏதோ பேச்சு. பிறகு நஸ்ரின் போனை வாங்கினார்.

"அண்ணே, எங்க வீட்ல இடது கையால ஒரு பிஸ்கட் குடுத்தாக்கூட அம்மா கையில தட்டுவாங்க. எனக்குத் தெரியாத விஷயமா இது? ஆனா வரையும்போது தோணவே இல்லண்ணே. எனக்கு ஸ்கிரீன்ல அது கை இல்ல. கர்சர்."

அவர்கள் தங்களுக்குள் விளையாடிப் பார்த்தபோது பட்டையை வலது கையில் கட்டியிருந்திருக்கிறார்கள். வெளியே சோதித்துப் பார்த்த இரண்டு பேருக்கும் வலது பக்கம் விழுந்திருந்தது. எல்லாம் சரியாகவே இருந்திருக்கிறது... என் அக்கா வரும் வரைக்கும்.

அடுத்து ஒரு பலூன் கேம் அனுப்பினார்கள். சோறும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. இடது கையைத் தூக்கித் தூக்கிப் பலூனை உடைக்க வேண்டும். அக்கா இரண்டு நாள் செய்தாள். மூன்றாம் நாள் டேப்லெட்டைத் துண்டு போட்டு மூடி வைத்துவிட்டாள்.

"என்னாச்சுக்கா?"

"ஊதி வச்சதை எதுக்குடா உடைக்கணும்? வேலையத்த வேலை."

நாட்கள் போய்க்கொண்டிருந்தன. விரல்கள் மடங்கிக்கொண்டிருந்தன. எனக்குத் தூக்கம் போயிற்று. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்தப் பழம் பிடிக்கிற கேமையே அக்கா விளையாடியிருப்பாளோ? கை தேறியிருக்குமோ?

ஒரு சனிக்கிழமை பிரவீனும் நஸ்ரினும் பேரையூருக்குப் பஸ் ஏறி வந்தார்கள். லேப்டாப் எடுத்து வந்தவர்கள் அதைப் பையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை. நஸ்ரின் அக்காவுக்கு எதிரில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"சாரிக்கா. உங்களைக் கேக்காம பண்ணிட்டோம்."

"ஐயய்யே, அதெல்லாம் எதுக்கும்மா? அழகாத்தான் இருந்துச்சு" என்ற அக்கா, பிறகு கொஞ்சம் தயங்கினாள். "சொன்னா கோவிச்சுக்க மாட்டியே? ஒண்ணு மட்டும் தப்பு."

இன்னும் என்ன தப்பு!

"இலை நிறைஞ்சா 'போதும்'னு சொல்லுதுக பாரு, அது தப்பு. எந்தப் பிள்ளை தாயி போதும்னு சொல்லும்? இம்புட்டு வருசத்துல நான் கேட்டதே இல்ல."

பிரவீன் சிரித்துவிட்டார். "அது லெவல் முடியிறதுக்கு வச்சதுக்கா. எங்கயாவது முடியணும்ல?"

"வாளி காலியானா முடியும். அம்புட்டுத்தான்."

அப்போதுதான் நஸ்ரின் அந்தக் கேள்வியைக் கேட்டார். டாக்டர் கேட்காத கேள்வி. நான் கேட்காத கேள்வி.

"அக்கா, பள்ளிக்கூடத்துல வலது கையால பரிமாறுவீங்கல்ல. அப்போ இந்தக் கை என்ன செய்யும்?"

அக்கா தன் இடது கையைக் குனிந்து பார்த்தாள். ரொம்ப நாள் கூடவே இருந்த ஓர் ஆளைப் பற்றித் திடீரென்று யாரோ விசாரித்த மாதிரி இருந்தது அவள் முகம்.

"வாளியப் பிடிக்கும்" என்றாள்.

அக்காவே மேலே சொன்னாள்.

"வாளி இந்தக் கையில. கரண்டி அந்தக் கையில. குனியணும், சோறை வைக்கணும், நகரணும். வாளி பிள்ளைக தலையில இடிச்சிரக் கூடாது. பக்கத்துல ஒருத்தன் காலை நீட்டிக்கிட்டு உக்காந்திருப்பான், அவன் மேல சிந்திரக் கூடாது. இந்தா, இப்படி..."

உட்கார்ந்த இடத்திலேயே செய்து காட்டினாள். வலது கை கரண்டி பிடித்தது மாதிரி முன்னால் போனது. அதோடு சேர்ந்து, யாரும் சொல்லாமலே, இடது முழங்கை மெதுவாக மடங்கி மேலே வந்தது. அரை அடிதான் இருக்கும். விரல்கள் எதையோ பற்றப் பார்த்து நடுங்கின.

பிரவீன் வாயைப் பொத்திக்கொண்டார். மாட்டுக்குப் புல் எடுத்துப் போன மாமா பாதி வழியில் நின்றுவிட்டார்.

புது கேம் இரண்டு வாரத்தில் வந்தது. பந்தி அதே பந்தி. இரட்டைச் சடைப் பெண்ணும் அதே இடத்தில் இருந்தாள். பட்டை இடது கையில். ஆனால் திரையில் அந்தக் கையில் இப்போது வாளி இருந்தது. கரண்டி பிடித்த வலது கையை டேப்லெட்டே பார்த்துக்கொண்டது. அக்காவின் வேலை, வாளி சாயாமல் பிடிப்பது, பிள்ளைகளின் தலைக்கு மேலே தூக்கி நகர்த்துவது. சாய்ந்தால் சாம்பார் கொட்டும். "போதும்" என்ற வார்த்தையை எடுத்துவிட்டார்கள். வாளி காலியானால் ஆட்டம் முடிந்தது.

முதல் நாள் அக்காவுக்கு ஒரு ஸ்டார்கூட வரவில்லை. எல்லாப் பிள்ளைகளின் சட்டையிலும் சாம்பார்.

"அடி ஆத்தி... வீட்டுல திட்டுவாகளே" என்று திரையைப் பார்த்துப் பதறினாள். மறுபடியும் கையைத் தூக்கினாள். மறுபடியும் கொட்டியது. நெற்றியில் வியர்வை. நான் "போதும்க்கா, கொஞ்சம் ஓய்வெடு" என்றேன். "சும்மா இருடா, பாதிப் பந்தி இன்னும் கெடக்கு" என்றாள்.

அதற்குப் பிறகு யாரும் அவளை விளையாடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பன்னிரண்டரை மணி ஆனால் போதும், மாமாவைக் கூப்பிட்டுப் பட்டையைக் கட்டச் சொல்லிவிடுவாள். அந்த நேரத்தில் நான் போன் செய்தால் மாமாதான் எடுப்பார். "பந்தி ஓடுது மாப்ள, பிறகு பேசு" என்று வைத்துவிடுவார்.

அற்புதம் எதுவும் நடந்துவிடவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். பிசியோ மேடத்தின் பயிற்சிகளும் சேர்ந்துதான் நடந்தன. செப்டம்பர் கடைசியில் மேடம் கையைத் தூக்கி விட்டபோது அது விழுந்தது. ஆனால் தொப்பென்று விழவில்லை. இறங்கியது. மடங்கிய விரல்களில் மூன்று தாமாகப் பிரிந்தன. ஒரு சின்னப் பாத்திரத்தை முழங்கையில் இடுக்கி, விரலால் பிடித்து, பத்தடி எடுத்து வைக்க முடிந்தது.

காலாண்டு லீவு முடிந்தது. அமைப்பாளர் வந்து பார்த்தார். அடுப்பு வேலை இப்போதைக்கு வேண்டாம், சாம்பாரும் சூடான எதுவும் தொட வேண்டாம், முதலில் ஒரு நாள் வந்து பாருங்கள் என்றார். ஒரு நாள். பார்த்துவிட்டுத்தான் மேலே சொல்ல முடியும்.

போன வாரம் அந்த ஒரு நாள் வந்தது.

அன்றைக்குப் பயறு போடுகிற நாள். ஆறிப்போன அவித்த பச்சைப்பயறு, கால் வாளி. அக்கா இடது கையில் வாளியை மாட்டிக்கொண்டு வராந்தாவில் நின்றாள். பிள்ளைகள் தட்டோடு இரண்டு வரிசை. நானும் மாமாவும் கேட்டுக்கு வெளியே.

கால் தடுக்கிவிடுமோ? வாளி நழுவிவிடுமோ? எல்லோர் முன்னாலும் விழுந்துவிட்டால் அப்புறம் எழுந்திருப்பாளா? என் தலைக்குள் வழக்கம்போல எல்லாம் ஓடியது.

"மாப்ள, கேட்டுக் கம்பிய ஏன் இந்தப் பிடி பிடிக்கிற? கழட்டிப் போட்டுறாத. அரசாங்கச் சொத்து" என்றார் மாமா. ஆனால் அவர் பார்வையும் வராந்தாவை விட்டு நகரவில்லை.

அக்கா குனிந்தாள். வாளி நடுங்கியது. முதல் தட்டில் ஒரு கரண்டி. நகர்ந்தாள். காலை ஒரு இழுப்பு இழுத்து, இன்னொரு தட்டு. மூன்றாவது பையனிடம் வாளி ஒரு பக்கம் சாய்ந்தது. ஒரு பிடிப் பயறு அவன் கால் மேல் சிதறியது.

"ஆயா! என் கால்ல கொட்டிட்ட!"

நான் கேட்டைத் தள்ளப் போனேன். மாமா என் தோளைப் பிடித்தார்.

"வாளி வரும்போது காலை மடக்கி உக்காரணும்னு தெரியாது? இம்புட்டு நாள் நான் வரலன்னதும் நீட்டிப் பழகிட்டியாக்கும்? மடக்குடா!" என்று வராந்தாவிலிருந்து அக்கா அதட்டினாள்.

பையன் காலை மடக்கினான். அவனுக்கு அப்புறம் இருந்த வரிசை முழுக்கக் கால்கள் மடங்கின. அக்கா வாளியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு அடுத்த தட்டுக்குப் போனாள்.

அமைப்பாளர் வராந்தா ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார். கடைசியில், "நாளைக்கு நேரத்தோட வந்துருங்கக்கா" என்றார். அவ்வளவுதான். சாம்பார் எப்போது, அடுப்பு எப்போது, அதெல்லாம் தெரியாது. நாளைக்கு வரச் சொன்னார்.

மாமா மூக்கைச் சிந்திக்கொண்டே, மாட்டைத் தனியாக விட்டுவிட்டு வந்ததாகச் சொல்லிக் கிளம்பினார். நான் கேட்டுக்கு வெளியே நின்றபடியே பிரவீனுக்குப் போன் போட்டேன்.

"சொல்லுங்கண்ணே! எத்தனை ஸ்டார்?"

"வாளி காலி, பிரவீன்" என்றேன். "ஒருத்தனும் போதும்னு சொல்லல."